வாசலோடு நின்றுவிடும் வேகம்

அகலக்கற்றை இணைய இணைப்பு என்பதற்கு இந்திய அரசு எழுதி வைத்திருக்கும் விளக்கம், நொடிக்கு 2 மெகாபிட் வேகம் என்பதாகும். 2004-ஆம் ஆண்டின் அகலக்கற்றைக் கொள்கை 256 கிலோபிட் என்று தொடங்கியது. 2013-இல் அது 512 கிலோபிட் ஆயிற்று. 2 மெகாபிட்டை எட்டுவதற்கு 2023 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் 2012-ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கையே 2015-க்குள் 2 மெகாபிட் என்று இலக்கு வைத்திருந்தது. அதற்குப் பின் வந்த 2018-ஆம் ஆண்டுக் கொள்கையோ, 2022-க்குள் ஒவ்வொரு குடிமகனுக்கும் 50 மெகாபிட் என்று அறிவித்தது. அறிவிப்பு 50 ஆகவும் சட்ட விளக்கம் 2 ஆகவும் இருப்பதில் உள்ள முரண்பாடு தில்லியில் யாரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. அமெரிக்கா இதே விளக்கத்தை 2024 மார்ச்சில் 100 மெகாபிட்டாக உயர்த்திக்கொண்டது.

இந்த விளக்கத்தின்படி பார்த்தால் நம் வீடுகளில் எவருக்கும் குறையே இருக்க முடியாது. மாதந்தோறும் 100 மெகாபிட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, படுக்கையறையில் கிடைக்கும் 4 மெகாபிட்டை வைத்துக்கொண்டு மகளின் நுழைவுத் தேர்வு விண்ணப்பத்தைப் பதிவேற்ற முடியாமல் கடைசி நாள் நள்ளிரவு வரை போராடும் குடும்பமும், அரசின் கணக்கில் அகலக்கற்றை பெற்ற குடும்பமே. புகார் செய்தால், "வாசல் வரை வேகம் சரியாகத்தான் வருகிறது" என்பதே பதிலாக இருக்கும். பல நேரங்களில் அது உண்மையும்கூட. ஒழுங்குமுறை விதிகள் அளப்பது நிறுவனத்தின் வலையமைப்பை. அந்த வேகம் வைஃபை வழியாக வீட்டின் அறைகளுக்குள் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது எவருடைய கணக்கிலும் இல்லை.

குற்றம் யார் பக்கம் என்பதைக் கண்டறிவது ஒன்றும் கடினமல்ல. இணைப்பு வந்து சேரும் பெட்டியிலிருந்து லேன் கேபிளை நேராக மடிக்கணினியில் செருகி ஒரு முறை வேகத்தை அளக்க வேண்டும். கேபிளைக் கழற்றிவிட்டு, வழக்கமாக அமர்ந்து வேலை செய்யும் அறையில் வைஃபை வழியாக மறுமுறை அளக்க வேண்டும். முதல் அளவே குறைவு என்றால் நிறுவனத்தைக் கேட்கலாம். அதுவும் இரவு எட்டு மணிக்கு மேல் அளந்து கேட்பது நல்லது. முதல் அளவு சரியாக இருந்து இரண்டாவது சரிந்தால், நம் வீட்டுச் சுவர்களையும் அந்தப் பெட்டி வைக்கப்பட்டிருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும்.

பெட்டி எங்கே வைக்கப்படுகிறது? கம்பி எந்தச் சுவர் வழியாக நுழைகிறதோ அங்கேயே, தொலைக்காட்சிக்குப் பின்னாலோ வாசற்கதவுக்கு மேலோ, பொருத்த வந்தவர் அவசரமாக ஓர் ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். வீட்டின் ஒரு மூலையில் இருந்து பரவும் அலைகளில் பாதி படிக்கட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் போகின்றன. மீதிப் பாதி கான்கிரீட் சுவரையும் இரும்பு பீரோவையும் தாண்டி வர வேண்டும். மேலைநாட்டு மரச் சுவர்களைக் கடக்கும் அலை நம்முடைய செங்கல், கான்கிரீட் சுவர்களில் திணறிப்போகிறது. பெட்டியை வீட்டின் நடுப்பகுதிக்கு, ஆள் உயரத்துக்கு மேல் மாற்றி வைத்தாலே பல வீடுகளில் நிலைமை தேறிவிடும். பெரிய வீடு என்றால், கடையில் மலிவாகக் கிடைக்கும் ரிப்பீட்டரை வாங்குவதைவிட, கேபிள் இழுத்து உள்ளறையில் இரண்டாவது ரௌட்டரை வைப்பதே பயன் தரும். ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர், வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும்.

இவையெல்லாம் குடும்பத்தலைவரோ தலைவியோ செய்துகொள்ளக் கூடியவை. ஆனால் துவாரகாவிலோ நொய்டாவிலோ உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் இத்தனையும் செய்த பிறகும் மாலை நேரத்தில் வேகம் விழுந்துவிடுகிறது. காரணம், பக்கத்து வீடுகளின் அலைகள். இன்னும் பல வீடுகளில் உள்ள பழைய, மலிவான பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குபவை. அங்கு இருக்கும் மொத்த அகலமே 83.5 மெகாஹெர்ட்ஸ். ஒன்றோடொன்று மோதாத தடங்கள் என்று பார்த்தால் மூன்றே மூன்று. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே இடத்தில்தான் இயங்குகின்றன. ஒரு மாடிக்கு எட்டு வீடு, பத்து மாடி என்றால் எண்பது வீடுகள் மூன்று தடங்களில் முட்டிக்கொள்கின்றன. ரௌட்டரை எங்கே நகர்த்தி வைத்தாலும் தீராத நெருக்கடி இது. இந்த இடத்தில் வீட்டுப் பிரச்சினை அரசுப் பிரச்சினையாகிறது.

அலைக்கற்றை என்ற சொல்லைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2010 நவம்பரில் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை வெளியானது முதல் 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுதலை செய்தது வரை, தமிழக அரசியலையே அந்தச் சொல் புரட்டிப்போட்டது. இடையில் 2012 பிப்ரவரியில் 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இயற்கை வளங்களைப் பகிர்ந்தளிக்க ஏலம் ஒன்றே வழியல்ல என்று அதே ஆண்டு செப்டம்பரில் அதே நீதிமன்றம் விளக்கம் அளித்தபோதிலும், அதிகாரிகளின் மனத்தில் பதிந்தது முதல் தீர்ப்புதான். அலைக்கற்றையை விலையின்றித் திறந்துவிடும் கோப்பில் கையெழுத்திடத் தயங்கும் மனநிலை அன்று தோன்றியது, இன்றும் முற்றாக அகலவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

வைஃபையோ உரிமமற்ற அலைக்கற்றையை நம்பியே வாழும் தொழில்நுட்பம். 2.4 கிகாஹெர்ட்ஸ் இந்தியாவில் 2005 ஜனவரியில் உரிம விலக்கு பெற்றது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் தாராளமாகத் திறக்கப்பட்டது 2018-இல்தான். அடுத்த தலைமுறை வைஃபைக்கு உலகம் கண்டெடுத்த இடம் 6 கிகாஹெர்ட்ஸ். அமெரிக்கா 2020 ஏப்ரலில் அதன் 1,200 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் திறந்துவிட்டது. ஐரோப்பா 2021-இல் கீழ்ப் பகுதியைத் திறந்தது. இந்தியாவில் வரைவு விதிகள் வெளிவருவதற்கே 2025 மே மாதம் ஆயிற்று. அவையும் கீழ்ப் பகுதியின் 500 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டுமே. இந்தத் தாமதத்துக்கு நாம் கொடுத்த விலையில் ஒன்று சற்றே வேடிக்கையானது. சோனி நிறுவனம் 2024-இல் வெளியிட்ட பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவியின் உயர்ரக வடிவம், 6 கிகாஹெர்ட்ஸ் அனுமதி இல்லாத காரணத்தால் இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை. விளையாட்டுக் கருவி வராததால் நாடு மூழ்கிவிடாது என்பது சரிதான். ஆனால் அதே அலைவரிசைக்காகச் செய்யப்பட்ட மடிக்கணினிகளும் கைபேசிகளும் அந்த வசதியைப் பயன்படுத்த முடியாமலே இங்கு புழங்கின என்பதைச் சிரித்து ஒதுக்க முடியாது.

எஞ்சிய 700 மெகாஹெர்ட்ஸைக் கைபேசிச் சேவைக்கு வைத்துக்கொள்ளவே அரசு விரும்புகிறது. கைபேசி நிறுவனங்களின் சங்கமோ 6 கிகாஹெர்ட்ஸ் முழுவதும் தங்களுக்கே வேண்டும் என்று வாதாடி வந்திருக்கிறது. அவர்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2025 மார்ச் நிலவரப்படி நாட்டின் அகலக்கற்றை இணைப்புகள் 94 கோடியைத் தாண்டியிருந்தன. அவற்றில் கம்பி வழி இணைப்புகள் 4 கோடிச் சொச்சம்தான். ஏழை இந்தியனின் இணையம் கைபேசியில் இருக்கிறது, வைஃபை வசதி படைத்தவர்களின் கவலை என்பது அவர்கள் வாதம். அரசுக்கும் ஏலம் இனிக்கிறது. 2022-ஆம் ஆண்டின் 5ஜி ஏலத்தில் கிடைத்த ஏலத்தொகை 1.5 லட்சம் கோடி ரூபாய்.

ஆனால் அந்த நிறுவனங்களே 2023 முதல் 5ஜி அலைகளைக் கொண்டு வீடுகளுக்கு இணைய இணைப்பு விற்கின்றன. சன்னலுக்கு வெளியே பொருத்தப்படும் அந்தக் கருவி, வீட்டுக்குள் வேகத்தைப் பகிர்ந்தளிப்பது எதன் வழியாக? அதே வைஃபை வழியாகத்தான். கடைசிப் பத்து மீட்டர் நெரிசலாக இருந்தால், ஏலத்தில் கோடிகளைக் கொட்டி வாங்கிய அலைக்கற்றையும் வாசலோடு நின்றுவிடும். மேலும், 4 கோடி என்ற எண்ணிக்கை சிறியது என்பது அந்த வீடுகளைப் புறக்கணிப்பதற்கான காரணமாகாது. அது ஏன் இவ்வளவு சிறியதாகவே இருக்கிறது என்றல்லவா கேட்க வேண்டும்? 2020 ஊரடங்கின்போது ஒரே கைபேசியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள் பாடம் கேட்ட வீடுகளுக்கு, கம்பி வழி இணைப்பும் ஒரு நல்ல வைஃபையும் ஆடம்பரமாக இருந்திருக்காது. கிராமப்புறங்களில் கம்பி வழி இணைப்பு பெறுவோருக்கு மாதக் கட்டணத்தில் பாதியை, 200 ரூபாய் வரம்புக்குள், நேரடியாகத் திருப்பித் தரலாம் என்று 2021 ஆகஸ்டில் டிராய் பரிந்துரைத்தது. அதே பரிந்துரைத் தொகுப்பில் இருந்த 2 மெகாபிட் விளக்கம் மட்டும் ஏற்கப்பட்டது.

கட்டடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குடிநீர்க் குழாய்க்கும் மின்கம்பிக்கும் இடம் விட்டுக் கட்டப்படும் வீடுகளில் இணையக் கம்பிக்கு இடம் விடப்படுவதில்லை. ஒரே நிறுவனத்தை மட்டும் உள்ளே விடும் குடியிருப்புச் சங்கங்களும் உண்டு. இணைய வசதியின் தரத்துக்காகக் கட்டடங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு வழங்கும் விதிமுறைகளை டிராய் 2024 அக்டோபரில் கொண்டுவந்தது. நல்ல தொடக்கம். விரும்பும் கட்டட உரிமையாளர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்ற நிலையில் அது விளம்பரப் பலகையில் ஒரு நட்சத்திரமாக மட்டுமே முடிந்துவிடக்கூடும்.

இன்னொன்று, "100 மெகாபிட் வரை" என்னும் விளம்பர வாசகம். "வரை" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாக் குறைகளும் ஒளிந்துகொள்கின்றன. பிரிட்டனில் 2018 மே முதல் இதற்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. இரவு 8 முதல் 10 மணி வரையிலான நெரிசல் நேரத்தில் குறைந்தது பாதி வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்கும் வேகத்தையே அங்கு விளம்பரப்படுத்தலாம். அதற்கு முன்பு பத்தில் ஒருவருக்குக் கிடைத்தாலே போதும் என்று இருந்தது. இங்கு அப்படி ஒரு விதி வந்தால் நாளிதழ்களின் முழுப்பக்க விளம்பரங்கள் எத்தனை எண்களைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இவற்றையெல்லாம் விவாதித்திருக்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்கும் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்துக்கும் மாற்றாக வந்த தொலைத்தொடர்பு மசோதா, 2023 டிசம்பர் 18 அன்று மக்களவையில் அறிமுகமாகி, 20 அன்று அங்கும் 21 அன்று மாநிலங்களவையிலும் நிறைவேறிவிட்டது. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் சட்டத்துக்குக் கிடைத்த நேரம் நான்கே நாள். ஒட்டுக்கேட்பு அதிகாரம் பற்றியும் செயற்கைக்கோள் அலைக்கற்றை பற்றியும் வெளியிலாவது பேசப்பட்டது. வீட்டுக்கு வரும் இணையத்தின் தரம் பற்றி வெளியிலும் பேச்சில்லை. கேள்வி நேரத்திலும் உறுப்பினர்கள் கேட்பது தம் தொகுதியில் எத்தனை கோபுரங்கள் என்பதையே. அமைச்சகம் தருவதும் அந்த எண்ணிக்கையையே.

விளக்கத்தை 2-இலிருந்து 50 மெகாபிட்டாக உயர்த்தவும், "வரை" விளம்பரங்களுக்கு நெரிசல் நேர அளவை நிபந்தனையாக்கவும், நிறுவனங்கள் தரும் பெட்டி இரு அலைவரிசைகளிலும் இயங்குவதாக இருக்க வேண்டும் என்று வரையறுக்கவும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அறிவிக்கையும் ஒழுங்குமுறை விதிகளும் போதும். 6 கிகாஹெர்ட்ஸின் மேற்பகுதியை யாருக்குத் தருவது என்பதை மட்டும் அதிகாரிகளிடமும் நிறுவனங்களிடமும் விட்டுவிடாமல், தகவல்தொடர்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தன் ஆய்வுப் பொருள்களில் ஒன்றாக எடுத்துக்கொண்டு, பயனாளிகளையும் அழைத்து விசாரிக்க வேண்டும். தமிழகத்திலிருந்து மக்களவையில் 39 உறுப்பினர்கள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முதல் கேள்வியை எழுத்து மூலம் அனுப்பலாம். கேள்வி நேரத்துக்கான முன்னறிவிப்புக்குத் தேவை 15 நாள் மட்டுமே.