தூண்டில் றீலும் கால ஆராய்ச்சியும்

ஒரு நூலின் காலத்தை வரையறுக்கப் புகுவோர் அகச்சான்று, புறச்சான்று என்னும் இரண்டையும் நாடுதல் வேண்டும் என்று வகுப்பறையில் நாம் ஓயாது கூறிவருகின்றோம். மாணவரும் அதனை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிவிடுகின்றனர். ஆயினும், ஒரு சான்று எவ்வளவு தூரம் பேசும், எவ்விடத்தில் வாய் மூடும் என்பதை அவருட் பலர் உணர்ந்தாரல்லர். அதனை உணர்த்துதற்குக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்க்கத்தக்க சிறு பொருளொன்று பெரிதும் துணைசெய்யும் என்பது என் துணிபு. யான் இங்கு எடுத்துக்கொள்வது பழைய தூண்டில் றீல். பண்டிதருக்குத் தூண்டிலோடு என்ன உறவு என்று நகைப்போர் நகைக்க. நகைத்தபின் சிறிது பொறுமையுடன் படிக்க.

தூண்டிற்கோலின் அடியிற் பூட்டி, நூலைச் சுற்றவும் விடவும் உதவுகின்ற உருளையே றீல் எனப்படுவது. இங்கிலாந்தின் வடபால் அனிக் என்னும் ஊரில் 1872ஆம் ஆண்டு தொடங்கிய ஹார்டி சகோதரர் நிறுவனம் இத்தொழிலிற் பெயர்பெற்றது. அவர்கள் ‘பேர்வெக்ற்’ என்று பெயரிட்ட றீலுக்கு 1888இல் ஆக்கவுரிமை பெற்றனர். சைக்கிள் அச்சிலே உள்ளன போன்ற உருக்குக் குண்டுகளின்மேல் அது சுழலும். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆங்கிலேயர் நம் மலைநாட்டு நீரோடைகளில் ட்றவுட் மீனைக் கொணர்ந்து விட்டனர். அதனைப் பிடிக்கும் கருவிகளும் உடன் வந்தன.

என் மாணவனொருவன், தேயிலைத் தோட்டமொன்றிற் கிளாக்கராயிருந்த தன் பாட்டனார் வைத்திருந்த பேர்வெக்ற் றீலைக் கொண்டுவந்து காட்டினான். “ஐயா, இது 1888ஆம் ஆண்டினது” என்றான். சான்று யாதென வினவினேன். ஆக்கவுரிமை பெற்ற ஆண்டு அதுவென்று படித்ததாகக் கூறினான். ஆக்கவுரிமை ஒரு கருத்துக்கு அளிக்கப்படுவது. அக்கருத்தின்படி பொருள் பல பத்தாண்டுகள் செய்யப்படலாம், பேர்வெக்ற் அவ்வாறே செய்யப்பட்டது. ஆகவே 1888 என்பது அந்த றீலுக்கு முன்னெல்லை மாத்திரமே. அதற்கு முந்தியதன்று என்பதற்கு மேல் அவ்வாண்டு யாதும் கூறாது.

பின்னர் இருவரும் அந்த றீலையே வினவினோம். தொடக்ககாலத்தன முழுவதும் பித்தளையாலானவை, இதுவோ கலப்புலோகம். கோலிற் பொருந்தும் பாதம் முந்தியவற்றில் வழவழப்பான பித்தளை. பிந்தியவற்றில் வரிகளுடைய பித்தளை. அதற்கும் பிந்தியவற்றில் அலுமினியக் கலவை. இவனுடையது வரிப்பாதம். உள்ளே, முதலாம் உலகப்போருக்கு முந்தியவற்றிற் காணப்படாத அடையாளமொன்றும் பொறிக்கப்பட்டிருந்தது. இரு பெரும் போர்களுக்கும் இடைப்பட்ட காலம், அன்றி அதனை அடுத்த சில ஆண்டுகள் என்ற முடிபுக்கு வந்தோம். மாணவன் முகம் வாடிற்று. பொருள் சிறிதும் மாறவில்லை. பாட்டனாரின் கைபட்ட தேய்வும் அப்படியே இருந்தது. எண் மாறியதற்கே இத்துணை வாட்டம்!

இவ்வாட்டமே நம் ஆராய்ச்சியைக் கெடுக்கும் நோய். முற்பட்ட காலமே உயர்ந்த காலம் என்று மனம் முன்னரே தீர்மானித்துவிடுகின்றது. பின்பு சான்றைத் தேடிப் புறப்படுகின்றது. அம்மனத்துக்கு எந்த எண் கண்ணிற் பட்டாலும் போதும். சுவீடன் நாட்டு ‘அபு’ நிறுவனத்தின் பொருட்களிலும் பெட்டிகளிலும் 1921 என்ற ஆண்டு காணப்படுவதுண்டு. அது நிறுவனம் பிறந்த ஆண்டு. அன்று அவர்கள் செய்தது கடிகாரத் தொழில். றீல் செய்யப் புகுந்ததோ இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். ஆகவே 1921ஆம் ஆண்டின் அபு றீல் என்று ஒருவர் கூறுவாராயின், இல்லாத பொருளுக்குச் சாதகம் கணிக்கின்றார் என்க.

மெய்யான சான்றுகள் பெரும்பாலும் தம்மைச் சான்றென்று பறைசாற்றுவதில்லை. ‘ஆக்கிரமிப்புக்குட்பட்ட யப்பானிற் செய்தது’ என்னும் தொடர் பொறித்த பொருள் 1945க்கும் 1952க்கும் இடைப்பட்டது. அவ்வரசியல் நிலை அக்காலத்துக்கே உரியது. ‘மேற்கு ஜேர்மனி’ என்ற பெயர் 1949க்கும் 1990க்கும் இடையே நம்மை நிறுத்தும். அமெரிக்க ஆக்கவுரிமை எண் பத்து இலட்சத்தை எட்டியது 1911இல். ஆதலின் ஏழிலக்க எண் தாங்கிய றீல் அதற்கு முந்தியதாகாது. பெட்டியிலுள்ள அமெரிக்க முகவரியில் ஐந்திலக்க அஞ்சற் குறியீடு காணப்படின் அப்பெட்டி 1963க்கு முந்தியதன்று. இவற்றைப் பொறித்தவர் எவரும் காலங்கூற எண்ணியவரல்லர். அதனாலேயே அவை நம்பத்தக்கன.

இனி, இடைச்செருகல் என்பது ஏட்டுக்கு மாத்திரம் உரியதன்று. பேக்கலைற் என்னும் செயற்கைப் பொருள் 1909இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கைப்பிடி பேக்கலைற்றாக இருப்பின் றீல் முழுவதும் அதற்குப் பிந்தியது என்று துணிதல் தகுமா? தகாது. பழைய யானைத்தந்தக் கைப்பிடி உடைந்து, பின்வந்த ஒருவர் புதியதைப் பூட்டியிருக்கலாம். திருகாணியின் தலை சிதைந்துளதா, கைப்பிடியின் தேய்வும் உடலின் தேய்வும் ஒத்துளவா என்று நோக்குதல் வேண்டும். ஓருறுப்பின் காலம் முழுப்பொருளின் காலமாகாது. ஒரு செய்யுளின் காலம் ஒரு தொகைநூலின் காலமாகாததும் இவ்வாறே.

மற்றொரு தீங்கும் உண்டு. பழைய றீல் கையிற் கிடைத்தவுடன் சிலர் அதனைத் தேய்த்துப் பளபளப்பாக்குகின்றனர். மேற்பூச்சும், மங்கிய எழுத்துப் பொறிப்பும், தேய்வின் போக்கும் அத்துடன் ஒழிகின்றன. ஏடெழுதுவோன் தனக்கு விளங்காத சொல்லை நீக்கித் தெரிந்த சொல்லை எழுதி வைப்பதற்கும் இதற்கும் வேற்றுமை யான் காணேன். சான்றை அழித்தபின் அழகு இருந்தென்ன?

இயந்திரம் வேறு, இலக்கியம் வேறு, ஒன்றன் முறையை மற்றொன்றிற்கு ஏற்றலாமோ என்று அன்பர் சிலர் தடை நிகழ்த்துவர். அவ்வேற்றுமையே என் வாதத்துக்கு வலிவு தருகின்றது. றீலுக்குத் தொழிற்சாலை உண்டு. ஆக்கவுரிமைப் பதிவு உண்டு. ஆண்டு குறித்த விலைப்பட்டியல்கள் உண்டு. அபு நிறுவனம் 1970களின் நடுப்பகுதியிலிருந்து பாதத்தின் அடியில் ஆறிலக்க எண் பொறித்தது. முதலிரண்டு இலக்கம் ஆண்டையும் அடுத்த இரண்டு மாதத்தையும் குறிக்கும். இத்தகைய பொறிப்பு இல்லாவிடத்து, இத்தனை சாட்சிகள் சூழ்ந்திருந்தும், நேர்மையுடையோர் “இவ்வாண்டு முதல் இவ்வாண்டு வரை” என்றே கூறி அமைகின்றனர். அங்ஙனமாக, தொழிற்சாலையும் பதிவும் பட்டியலும் இல்லாத, பல கைகளாற் பெயர்த்தெழுதப்பட்ட ஒரு நூலுக்குத் தனி ஆண்டொன்றைக் குறித்து மேடையில் முழங்குவோரை யாது கூறுவது?

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. கால ஆராய்ச்சி கற்பிக்கும் நாளில் பழம்பொருளொன்றை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லுங்கள். றீல் கிடையாதெனின் பூட்டு, தையல் இயந்திரம், மண்ணெண்ணெய் விளக்கு எதுவாயினும் ஆகுக. முன்னெல்லை யாது, பின்னெல்லை யாது, எவ்வுறுப்பு மாற்றப்பட்டது என்று மாணவரே கண்டு எழுதட்டும். விடைத்தாளில் ஓராண்டை எழுதியவனுக்கு அதற்குரிய சான்றைக் கேளுங்கள். இரண்டு எல்லைகளை எழுதிக் காரணமும் காட்டியவனுக்கு முழுப் புள்ளி வழங்குங்கள்.