தேதியை மறைத்த கேமரா

ஆவணப்படம் சார்புநிலை எடுப்பதை நாம் குற்றமாகக் கருதவில்லை. காலத்தை மறைப்பதே குற்றம். ஜெஃப் கிப்ஸ் இயக்கி, 2020 ஏப்ரலில் மைக்கேல் மூர் யூடியூபில் வெளியிட்ட 'பிளானட் ஆஃப் தி ஹியூமன்ஸ்' படத்தின் வாதம், பசுமை இயக்கம் பெருமுதலாளிகளிடம் விலைபோய்விட்டது என்பது. கேட்கப்பட வேண்டிய கேள்விதான். ஆனால் சான்றுகள்? சூரிய ஒளியில் 8 சதவீதத்தை மட்டுமே மின்சாரமாக்கும் பழைய தகடுகளைக் காட்டுகிறார்கள். படம் வெளியானபோது சந்தையிலிருந்த தகடுகளோ 20 சதவீதத்தை எட்டியிருந்தன. மரம் எரித்து மின்சாரம் எடுப்பதை முன்பு ஆதரித்து, படம் வெளிவருமுன்பே வெளிப்படையாக எதிர்க்கத் தொடங்கிவிட்ட பில் மெக்கிபனை இன்னும் ஆதரவாளராகவே நிறுத்துகிறார்கள். முதலாளித்துவத்தைச் சாடுகிறது என்பதற்காக நாம் இதற்குக் கைதட்டலாமா? காலநிலை மாற்றத்தையே மறுப்பவர்கள் இப்படத்தைக் கொண்டாடினார்கள். இயக்கத்திற்குள்ளிருந்து எழவேண்டிய நியாயமான விமர்சனம், அதனாலேயே நம்பகத்தன்மையை இழந்தது.