வாய்மூடிய மேதைகள்

மேதைகள் கூடினால் மேன்மையான முடிவு பிறக்கும் என்று எண்ணுகிறோம். பிறக்கும், ஆனால், கூடிய மேதைகள் வாய்திறக்க வேண்டுமே, தோழர்களே!

வாஷிங்டனில் 1961-ஆம் ஆண்டு அவர்கள் திறக்கவில்லை. கென்னடி குடியரசுத் தலைவராகி மூன்று திங்கள்கூட நிறையவில்லை. கியூபாவின் காஸ்ட்ரோவைக் கவிழ்க்க, ஐசன்ஹோவர் காலத்திலேயே உளவு இலாகா தொடங்கிவைத்த திட்டம் அவர் மேசைக்கு வந்தது. நாடுவிட்டு வந்த கியூபர்கள் சுமார் 1,400 பேரைப் பிக்ஸ் வளைகுடாவில் இறக்குவது. இறங்கியதும் மக்கள் கிளர்ந்தெழுவர். எழாவிட்டால், படையினர் எஸ்காம்பிரே மலையில் ஒளிந்துகொள்வர். அந்த மலைக்கும் கரைக்கும் நடுவே ஏறத்தாழ 80 மைல்! வழியெல்லாம் சதுப்பு! எப்படிப் போவார்கள்? தேசப்படத்தை விரித்த பள்ளிச் சிறுவன் கேட்பான். பட்டம் பல பெற்றவர்கள் அழுத்திக் கேட்கவில்லை.

ஐயமே இல்லையா அவர்களுக்கு? இருந்தது! வரலாற்றுப் பேராசிரியர் ஷ்லெசிங்கர், திட்டம் தவறு என்று கென்னடிக்குத் தனியே எழுதிக் கொடுத்தார். அவையிலோ தயங்கித் தயங்கிச் சில கேள்விகள், பிறகு மௌனம். தலைவர் தீர்மானித்துவிட்டார், இனிப் பேசாதே என்று தலைவரின் தம்பி ராபர்ட் கென்னடியே அவருக்குச் சொன்னார். அவையில் துணிந்து கண்டித்தவர் செனட்டர் ஃபுல்பிரைட். அவரோ அந்தக் குழுவினரே அல்லர், ஒருநாள் அழைக்கப்பட்டு வந்தவர்!

ஏப்ரல் 17-இல் படை இறங்கியது. மூன்றே நாளில் முடிந்தது கதை. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர், ஏறத்தாழ 1,200 பேர் சிறைப்பட்டனர். உத்தரவிட்டவர்களில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை என்பதைத் தனியே சொல்ல வேண்டுமா?

1972-இல் உளவியலறிஞர் இர்விங் ஜானிஸ் இதை ஆராய்ந்து நூலே எழுதினார். அவர்கள் முட்டாள்கள் அல்லர். ஒருவருக்கொருவர் இணக்கமாக இருக்க வேண்டுமென்ற ஆசையே அறிவை அமுக்கிவிட்டது என்றார். தஞ்சாவூர்ப் பொம்மையாவது தட்டினால்தான் தலையாட்டும்!

அதே கென்னடி, பெரும்பாலும் அதே ஆலோசகர்கள். 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்தது. முதல்நாள், குண்டு வீசுவோம் என்ற பக்கமே பலர் சாய்ந்தனர், கென்னடி உட்பட. ஆனால், இம்முறை அவர் சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே வரவில்லை. தலைவர் இல்லாத அறையில் நாக்குகள் அவிழ்ந்தன. பெரிய பதவி, சிறிய பதவி பார்க்கவில்லை. தாக்கு என்போர் ஒரு குழு, கடல்வழியை மறி என்போர் ஒரு குழு. எழுதினர், ஏட்டை மாற்றிக்கொண்டு ஒருவர் வாதத்தை மற்றவர் கிழித்தனர். முற்றுகையே முடிவாயிற்று.

மாஸ்கோவில் தூதராயிருந்து குருஷேவை நேரில் பழகி அறிந்த தாம்சனும் அங்கிருந்தார். பேச்சுவார்த்தையால் ஏவுகணை அகலாது என்று 27-ஆம் தேதி கென்னடி சலித்தபோது, அதை ஏற்கமாட்டேன் என்று தலைவரின் முகத்துக்கு நேரே சொன்னார். மறுநாள் குருஷேவ் இணங்கினார். துருக்கியிலிருந்த தம் ஏவுகணைகளை எடுப்பதாக அமெரிக்கா இரகசியமாக வாக்களித்ததும் அதற்குக் காரணம். அந்த இரகசியத்தை மட்டும், விடிய விடிய விவாதித்த அவையிலேயே பலருக்குச் சொல்லவில்லை!