தலையெண்ணிக்கைக்கு மட்டும் பெண்கள்

தொழிற்சங்கங்களுக்குள் பெண்களுக்கென்று தனி அமைப்பு வேண்டும் என்று ஒரு கருத்தரங்கில் பேசிவிட்டு உட்கார்ந்தேன். மூத்த தோழர் ஒருவர் எழுந்தார். "வர்க்கத்தைப் பிரிக்காதீங்கம்மா. ஆஸ்திரேலியாவைப் பாருங்க. சங்கமும் கட்சியும் ஒண்ணா நின்ன நாடு. அங்க பெண்களுக்குக் கிடைக்காதது என்ன?" அரங்கில் கைதட்டல். எனக்கு அன்று பதில் தெரியவில்லை. நான் வகுப்பில் நடத்துகிற சங்கம் வேறு. ஆனால் கேள்வி விடவில்லை. ஒரு கோடை விடுமுறை முழுக்க அந்த நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றை வாசித்தேன். தோழருக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில் இது.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. 1856இல் மெல்போர்ன் கல்தச்சர்கள் எட்டு மணி நேர வேலைநாளைப் போராடிப் பெற்றார்கள். 1890இல் கப்பல் தொழிலாளர்களும் 1891இல் ஆட்டுரோமம் கத்தரிப்பவர்களும் நடத்திய வேலைநிறுத்தங்கள் நசுக்கப்பட்டபோது, களத்தில் தோற்றதைச் சட்டமன்றத்தில் பிடிப்போம் என்று சங்கங்களே ஒரு கட்சியைப் பெற்றெடுத்தன. அதுதான் தொழிற்கட்சி. 1904இல் கிறிஸ் வாட்சன் தலைமையில் அது அமைத்த அரசு, ஒரு நாட்டளவில் உலகிலேயே முதல் தொழிற்கட்சி அரசு. அதற்கு முன்பே, 1902இல், பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கவும் நிற்கவும் உரிமை பெற்றிருந்தார்கள்.

ஆனால் எந்தப் பெண்கள்? அதே 1902 சட்டம், ஏற்கெனவே மாநில வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் தவிர, அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கும் ஆசியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் பசிபிக் தீவினருக்கும் வாக்கை மறுத்தது. அன்று நம் ஊர்ப் பெண் ஒருத்தி கப்பலேறிப் போயிருந்தால் வாக்குச்சாவடி வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். 'வெள்ளை ஆஸ்திரேலியா' என்ற கொள்கையைத் தொழிற்கட்சி தன் திட்டத்திலிருந்து எடுத்தது 1965இல்தான். வர்க்கத்தைப் பிரிக்காதே என்று பெண்களுக்குப் பாடம் சொல்பவர்கள், வர்க்கத்தை யார் எங்கே முதலில் வெட்டினார்கள் என்பதையும் சொல்லிக்கொடுத்தால் நல்லது.

கூலிக்கு வருகிறேன். 1907இல் நீதிபதி ஹிக்கின்ஸ் ஒரு தீர்ப்பு வழங்கினார். அறுவடை இயந்திரம் செய்யும் ஆலை சம்பந்தப்பட்ட வழக்கு என்பதால் ஹார்வெஸ்டர் தீர்ப்பு என்பார்கள். முதலாளி எவ்வளவு தர முடியும் என்று அவர் கேட்கவில்லை. ஒரு மனிதன் நாகரிகமாக வாழ எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். பயிற்சியற்ற தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 7 ஷில்லிங். தொழிற்சங்க வரலாறுகள் இதைக் கொண்டாடுகின்றன, கொண்டாடட்டும். ஆனால் அந்த 'மனிதன்' யார் என்று பாருங்கள். மனைவியும் மூன்று குழந்தைகளும் உள்ள ஓர் ஆண். தனி ஆணுக்கும் அதே கூலி, அவனுக்கு நாளை குடும்பம் வரும் என்பதால். மூன்று குழந்தைகளோடு கணவனை இழந்தவளுக்கு? அவளுக்குக் கிடையாது, அவளை யாரோ ஓர் ஆண் பார்த்துக்கொள்வான் என்பதால்.

1912இல் பழத்தோட்டத் தொழிலாளர் வழக்கில் அதே நீதிபதி இதை இன்னும் துலக்கமாக்கினார். பழம் பறிக்கும் வேலையை ஆணும் பெண்ணும் செய்தார்கள். அங்கே பெண்ணுக்கும் ஆணின் கூலியே என்றார். பெண் மலிவாகக் கிடைத்தால் முதலாளி ஆணை வெளியே அனுப்பிவிடுவான் அல்லவா? பழங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை 'பெண்கள் வேலை'. அங்கே கூலி குறைவு. அதாவது சம கூலியும் ஆணைக் காக்கத்தான், குறைந்த கூலியும் ஆணைக் காக்கத்தான். ஆணின் அடிப்படைக் கூலியில் ஏறத்தாழ 54 விழுக்காடு என்பது நெடுங்காலம் பெண்ணின் விலையாக இருந்தது. 1950இல் அது 75 ஆயிற்று.

ஜெல்டா டி'அப்ரானோவை நான் சந்தித்தது இந்த வாசிப்பில்தான். தொழிலாளி வீட்டுப் பெண், கம்யூனிஸ்ட், மெல்போர்னில் இறைச்சித் தொழிலாளர் சங்க அலுவலகத்தில் எழுத்தர். 1969இல் சம கூலி வழக்கு நடுவர் மன்றத்தில் நடந்தபோது பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தார். சுற்றிலும் பெண்கள், எல்லோரும் மௌனமாக. பேசியவர்கள் ஆண்கள்: முதலாளிகளின் வழக்கறிஞர்கள் ஒருபக்கம், சங்கத் தரப்பில் பின்னாளில் பிரதமரான பாப் ஹாக் மறுபக்கம். பெண்ணின் உழைப்பு எவ்வளவு பெறும் என்று ஆண்கள் ஆண்களோடு பேரம் பேசினார்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசுவார்களே, எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. மாட்டைக் கேட்பதில்லை.

தீர்ப்பு வந்தது. ஆணோடு சேர்ந்து அதே வேலையைச் செய்யும் பெண்ணுக்குச் சம கூலி. பெண்கள் மட்டுமே செய்யும் வேலைகளுக்கு இல்லை. பயன் கிடைத்தது உழைக்கும் பெண்களில் சுமார் 18 விழுக்காட்டினருக்கு. 1969 அக்டோபர் 21 அன்று ஜெல்டா, மெல்போர்னில் மத்திய அரசுக் கட்டடத்தின் கதவோடு தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார். போலீஸ் வந்து அறுத்தது. பத்து நாள் கழித்து ஆல்வா கைக்கி, தெல்மா சாலமன் என்ற இரு ஆசிரியைகளும் சேர, மூவரும் நடுவர் மன்றக் கதவில் பிணைத்துக்கொண்டார்கள். பிறகு பெண்கள் செயற்குழு ஒன்றை அமைத்தார்கள். அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது: டிராமில் ஏறி, எங்களுக்கு முக்கால் கூலிதானே தருகிறீர்கள், முக்கால் கட்டணம்தான் தருவோம் என்றார்கள். ஜெல்டா வெளிப்படையாகப் பேசியதற்குச் சங்க அலுவலகம் தந்த பதில் பணிநீக்கம். முதலாளி இல்லை தோழரே, சங்கம்.

1972 டிசம்பரில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்ததும் வழக்கு மறுபடி எடுக்கப்பட்டு, 'சம மதிப்புள்ள வேலைக்குச் சம கூலி' என்ற தீர்ப்பு வந்தது. புதிய அரசின் சார்பில் வாதாடியவர் மேரி காட்ரன் என்ற இளம் வழக்கறிஞர். கட்சியால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. கட்சி அசைவதற்கு முன்னால் யார் கதவில் தொங்கினார்கள் என்று கேட்கிறேன்.

இனி அந்தச் சங்க-கட்சி இயந்திரத்தைத் திறந்து பார்க்கலாம், ஏனென்றால் தோழர் அதைத்தான் மெச்சினார். சங்கங்கள் கட்சியோடு இணைந்திருக்கின்றன. மாநிலக் கட்சி மாநாடுகளில் பாதி வாக்கு சங்கங்களுடையது; 2002 வரை 60 விழுக்காடு. எந்தச் சங்கத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்பதை அதன் உறுப்பினர் எண்ணிக்கை தீர்மானிக்கும். பெரும் சங்கம் என்றால் பெரும் கை. வேட்பாளர் தேர்வு, கொள்கைத் தீர்மானம், கோஷ்டித் தகராறு எல்லாவற்றிலும் அந்தக் கை உயரும்.

நாட்டின் மிகப்பெரிய சங்கங்களில் ஒன்று எஸ்.டி.ஏ. என்ற கடை ஊழியர் சங்கம். சூப்பர்மார்க்கெட்டில் பில் போடுகிறவர்கள், அலமாரி அடுக்குகிறவர்கள். பெரும்பாலும் பெண்கள், மிக இளையவர்கள். 1978 முதல் 2014 வரை அதன் தேசியச் செயலாளர் ஜோ டி புரூய்ன், கருக்கலைப்பையும் தன்பாலினத் திருமணத்தையும் வெளிப்படையாக எதிர்த்த கத்தோலிக்கர். கட்சியின் தேசியச் செயற்குழுவிலும் நெடுங்காலம் இருந்தார். அவர் எதை நம்பினார் என்பது அவர் பாடு. ஆனால் கட்சிக்குள் அந்த நம்பிக்கைக்குப் பின்னால் நின்றது யாருடைய எடை? சனிக்கிழமை இரவு பில் கவுன்ட்டரில் நிற்கும் அந்தப் பெண்ணின் எடை. அவளுக்குக் கருக்கலைப்பு தேவைப்படலாம். அவள் இன்னொரு பெண்ணைக் காதலிக்கலாம். அவளுடைய சந்தா சம்பளத்தில் பிடித்தமாகி, எண்ணிக்கையாகி, மாநாட்டில் அவளுக்கு எதிராகவே கையாக உயர்ந்தது. 2012இல் தன்பாலினத் திருமண மசோதா மக்களவையில் 98க்கு 42 என்று தோற்றது. நாட்டின் முதல் பெண் பிரதமர் ஜூலியா கில்லார்டும் எதிர்த்தே வாக்களித்தார். 2017இல் மக்களிடம் கேட்டபோது ஆம் என்றவர்கள் 61.6 விழுக்காடு.

சரி, கூலியையாவது காத்தார்களா? கோல்ஸ் நிறுவனத்தோடு அந்தச் சங்கம் போட்ட ஒப்பந்தம், இரவு நேர, வார இறுதி வேலைக்கான கூடுதல் கூலியைக் குறைத்திருந்தது. தள்ளுவண்டிகளைச் சேகரிக்கும் பகுதிநேர ஊழியர் ஒருவர் எதிர்த்து முறையிட்டார். சட்டம் தரும் அடிப்படை நிலையைவிட ஊழியர்களை மேலான நிலையில் வைக்க வேண்டும் என்ற சோதனையில் அந்த ஒப்பந்தம் தேறவில்லை என்று நியாய வேலை ஆணையம் 2016இல் சொன்னது. சங்கம் போட்ட ஒப்பந்தத்திடமிருந்து உறுப்பினரைக் காக்க அரசு ஆணையம் வரவேண்டியிருந்தது.

2024இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் டி புரூய்னுக்குக் கௌரவ முனைவர் பட்டம் தந்தது. மேடையில் அவர் கருக்கலைப்புக்கு எதிராகப் பேசத் தொடங்க, பட்டம் வாங்க வந்திருந்த மாணவர்களும் குடும்பத்தாரும் கூட்டம் கூட்டமாக எழுந்து வெளியேறினார்கள். அந்தக் காணொளியை என் மாணவிகளுக்குக் காட்டினேன். "நம்ம பட்டமளிப்பு விழால இப்படி எழுந்து போனா டிகிரி தருவாங்களா மேம்?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களும் சமையற்கூட ஊழியர்களும் சந்தா கட்டிய சுகாதார ஊழியர் சங்கத்தின் தலைவர் மைக்கேல் வில்லியம்சன், தொழிற்கட்சியின் தேசியத் தலைவராகவும் இருந்தவர். சங்கப் பணத்தில் மோசடி செய்து 2014இல் சிறை சென்றார். அதே சங்கத்தில் பணத்தைக் கையாடியவர் வரிசையில் கேத்தி ஜாக்சன் என்ற பெண் தலைவரும் இருக்கிறார், மறைக்க மாட்டேன். கட்டடத் தொழிலாளர் சங்கத்தின் ஜான் செட்கா, தன் மனைவியைத் தொல்லைசெய்ததாக 2019இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பதவி விலகுங்கள் என்று தொழிற்சங்கக் கூட்டமைப்பின் செயலாளர் சாலி மெக்மேனஸே கேட்டும் விலகவில்லை. 2024 வரை இருந்தார்.

பெண் தலைமை வந்தால் தீர்ந்துவிடுமா? 2012 அக்டோபர் 9 அன்று நாடாளுமன்றத்தில் பெண்வெறுப்புக்கு எதிராக கில்லார்ட் ஆற்றிய உரையை உலகமே கேட்டது. நானும் மெய்சிலிர்த்துத்தான் கேட்டேன். அதே நாளில் செனட்டில் அவருடைய அரசின் ஒரு மசோதா நிறைவேறியது: தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் 80,000க்கும் மேற்பட்ட பெற்றோரைக் குறைந்த உதவித்தொகைக்குத் தள்ளும் மசோதா. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். உரை எட்டின ஊரிலெல்லாம் இந்தச் செய்தி எட்டவில்லை. கடைசிக் குழந்தைக்கு எட்டு வயதானால் உதவி குறையும் என்ற அந்த வரம்பு 2023இல்தான் பதினான்காக உயர்ந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, சங்கமே வேண்டாம் என்று முடிவுகட்டுபவர்களோடு எனக்கு உறவில்லை. 1992இல் ஊழியர்களில் 41 விழுக்காடு சங்கத்தில் இருந்தார்கள், 2022இல் 12.5. இந்தச் சரிவில் மகிழ்ந்தவர் முதலாளிதான். மிஞ்சியிருக்கும் உறுப்பினர்களில் ஆண்களைவிடப் பெண்களின் விகிதம் கூடுதல். செவிலியர்களும் ஆசிரியர்களும் வெளியேறவில்லை. சமூக நலப் பணியாளர்களுக்கு 2012இல் கூலி 23 முதல் 45 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டது சங்கம் தொடுத்த வழக்கால். முதியோர் பராமரிப்பு ஊழியர்களுக்கு 2023இல் கிடைத்த 15 விழுக்காடும் அப்படித்தான். குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு ஆண்டுக்குப் பத்து நாள் ஊதியத்தோடு விடுப்பு என்பது இப்போது சட்டம். அடிவாங்கிய மறுநாள் கடன் சொல்லி விடுப்பு எடுத்த பெண்கள் நம் ஆசிரியர் அறைகளிலும் உண்டு. அதன் அருமை நமக்குத் தெரியும்.

தோழர் துள்ளி எழுவார்: "பாத்தீங்களா, சங்கம்தானே வாங்கித் தந்தது!" ஆமாம். எந்தச் சங்கம்? 1975இல் மெல்போர்னில் உழைக்கும் பெண்கள் மையம் என்று பெண்கள் தனியாகக் கூடினார்கள். உழைக்கும் பெண்கள் சாசனத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்து 1977இல் கூட்டமைப்பின் மாநாட்டை ஏற்கவைத்தார்கள். 1979இல் ஊதியமில்லாத மகப்பேறு விடுப்பு; ஊதியத்தோடு வர 2011 ஆயிற்று. கட்சிக்குள்ளும் பெண்கள் தனியாகத் திரண்டு 1994இல் ஒதுக்கீட்டை வாங்கினார்கள். வெல்லக்கூடிய தொகுதிகளில் 35 விழுக்காடு என்று தொடங்கி, 2022இல் கட்சியின் நாடாளுமன்றக் குழுவில் பாதிக்கு மேல் பெண்கள். 1996இல் ஜென்னி ஜார்ஜ் தலைவரானது முதல் கூட்டமைப்பின் தலைவர் நாற்காலியில் தொடர்ந்து பெண்களே. தனியாகக் கூடாதே என்பதற்கு நீங்கள் காட்டிய நாடு, தோழரே, தனியாகக் கூடியதால் கிடைத்தவற்றின் பட்டியலைத்தான் வைத்திருக்கிறது.

ஜெல்டா 2018இல், தொண்ணூறு வயதில் இறந்தார். 2023இல் அவருக்கு மெல்போர்னில் சிலை வைத்தார்கள். எந்த இடத்தில் தெரியுமா? தொழிற்சங்கங்களின் தலைமையிடமான டிரேட்ஸ் ஹால் கட்டடத்துக்கு வெளியே, வாசலில்.