தலைக்கு இவ்வளவு!

எங்கள் தெரு டாக்டருக்கு நான் முதன்முதலில் கொடுத்த ஃபீஸ் பத்து ரூபாய். இப்போது இருநூறு. இடைப்பட்ட இருபத்தைந்து வருஷத்தில் மாறாத சட்டம் ஒன்றுதான்: போனால் காசு, போகாவிட்டால் இல்லை. நான் ஆரோக்கியமாக இருக்கும் மாதங்களில் அவருக்கு என்னால் காலணா பிரயோசனம் கிடையாது. அதற்காக நான் படுக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர் அல்ல அவர். ஆனால் ஜுரம் என்று போனால் ஓர் ஊசி, மூன்று கலரில் மாத்திரை, 'மூணு நாள் கழிச்சு வந்து காட்டுங்க' நிச்சயம். ஊசி போடாதவரை நாமும் டாக்டராக மதிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஆபீஸில் பக்கத்து சீட் நண்பன் ஒருவன் இங்கிலாந்து போய் லெஸ்டரில் செட்டிலானான். போன புதிதில் ஒரு நாள் போன்.

"என்னடா ஊர் இது! ஒரு வாரமா ஜுரம். டாக்டர்கிட்ட போனா, 'வைரஸ், தானா போயிடும், தண்ணி குடி, பாரசிட்டமால் போடு'ங்கறார். இதை எங்கம்மாவே சொல்வாங்களே!"

"ஃபீஸ் எவ்வளவு?"

"ஃபீஸே கிடையாது."

"அப்புறம் என்ன?"

"காசு வாங்கிக்கிட்டாவது ஒரு ஊசி போட்டிருக்கலாமில்ல?"

விஷயம் இதுதான். அங்கே ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டருக்கு முக்கிய வருமானம் 'தலைக்கு இவ்வளவு' கணக்கில் அரசிடமிருந்து வருகிறது. உங்கள் பெயர் அவர் லிஸ்டில் இருந்தால் போதும். வருஷத்துக்கு ஒரு தடவை போனாலும் முப்பது தடவை போனாலும் உங்கள் தலைக்கு அதே விலை. 1911-ல் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த இன்ஷூரன்ஸ் சட்டத்தில் தொழிலாளிகளுக்கு ஆரம்பித்த ஏற்பாடு. பெண்டாட்டி பிள்ளைகளுக்குக் கிடையாது! 1948 ஜூலை 5-ல், அனூரின் பெவன் சுகாதார மந்திரியாக இருந்தபோது, எல்லோருக்கும் என்று ஆயிற்று. அப்போதும் டாக்டர்கள், 'சர்க்கார் சம்பளக்காரர்களாக மாட்டோம்' என்று அடம்பிடித்து, ஒப்பந்தத்தில் தனித்தொழில் செய்பவர்களாகவே இருந்துவிட்டார்கள்.

ஆக, நம் டாக்டருக்கு நாம் வந்தால் லாபம். அவர்கள் டாக்டருக்கு வராவிட்டால் லாபம். நடுவில் நோய் என்று ஒன்று இருக்கிறதே?

அதற்காக 2004-ல் டாக்டர்களுக்கே மார்க் போட ஆரம்பித்தார்கள். மொத்தம் 1,050 பாயிண்ட். சர்க்கரை, ரத்த அழுத்தக்காரர்களைத் தொடர்ந்து கவனித்தால் பாயிண்ட், பாயிண்டுக்குப் பணம். இன்னொரு பக்கம், 48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்க வசதி செய்தால் அதற்கும் பணம் என்றார்கள். சில கிளினிக்குகள் என்ன செய்தன தெரியுமா? 48 மணி நேரத்துக்கு அப்பாற்பட்ட அப்பாயின்ட்மென்டே தர மறுத்துவிட்டன! அடுத்த வாரம் வருகிறேன் என்றால், 'அப்ப அடுத்த வாரமே போன் பண்ணுங்க.' 2005 தேர்தல் சமயத்தில் டி.வி. நிகழ்ச்சி ஒன்றில் ஒரு பெண்மணி இதைக் கேட்க, பிரதமர் டோனி பிளேருக்கே அது புதுச் செய்தியாக இருந்தது.

சிரிக்கலாம். ஆனால் நண்பனுக்கு நாற்பத்தைந்து தாண்டியதும் கிளினிக்கிலிருந்து கடிதம் வந்தது. 'ஒரு தடவை வந்து பிபி பார்த்துக்கொள்ளவும்.' எந்த உபத்திரவமும் இல்லாதவன் போனான். 170!

"அக்கறையெல்லாம் இல்லடா. அந்த வயசுக்காரனுக்கு பிபி பார்த்துக் குறிச்சு வச்சா அவங்களுக்குப் பாயிண்ட்."

"எதுக்குக் கூப்பிட்டா என்ன, கூப்பிட்டாங்களே!"

போனை வைத்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இங்கேயும் 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீடு தேடி வந்து பிபி, சுகர் பார்க்கிறார்கள். ஆபீஸ் போகிறவன் வீட்டில் இருந்தால்தானே!

மறுநாள், ஜுரமில்லாமல் முதல் தடவையாக எங்கள் டாக்டரிடம் போனேன். பட்டையைச் சுற்றி அமுக்கினார். 160-க்கு 100.

"இத்தனை வருஷமா வர்றேனே டாக்டர், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் கோபப்படவில்லை. "சொன்னேனே சார். அஞ்சாறு வருஷம் முன்னால, 'கொஞ்சம் ஜாஸ்தி இருக்கு, ரத்த டெஸ்ட் எடுத்துட்டு அடுத்த வாரம் வாங்க'ன்னேன். வந்தீங்களா?"

போகவில்லைதான். 'லேப் கமிஷனுக்கு அலையறார்' என்று மனைவியிடம் சொன்னது நன்றாக ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் நம் பாக்கெட்டிலிருந்து காசு போகும்போது, உண்மையைச் சொன்னால்கூட வியாபாரமாகத்தான் காதில் விழுகிறது. வராதவனைத் தேடிக் கூப்பிட அவருக்கு யாரும் காசு தருவதில்லை. கூப்பிட்டிருந்தாலும் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

"மாசம் ஒரு தடவை வந்து காட்டுங்க" என்றார்.

இருநூறு ரூபாயை நீட்டினேன். முதல் தடவையாக, முணுமுணுக்காமல்.