கெட்டிக்காரப் பிள்ளைக்கு மட்டுமா சினிமாப் பாடம்?

சினிமா பார்த்துப் பையன் கெட்டுப் போகிறான் என்று திட்டிய காலம் போய், பள்ளிக்கூடமே படம் காட்டும் காலம் வந்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு படம் என்ற திட்டம் 2022ல் தொடங்கிற்று. 6 முதல் 9ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் படம் பார்த்து விமர்சனம் எழுத வேண்டும். மாநில அளவில் தேறும் 25 பேரை வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்று உலக சினிமாவை அறியச் செய்வது என்று அறிவிப்பு. நல்ல காரியம்தான்.

ஆனால் எதைப் பார்த்துப் பொறுக்கி எடுப்பது? அழகாக எழுதுகிறவனையா, கூர்ந்து பார்க்கிறவனையா?

சார்லி சாப்ளின் 1936ல் வெளியிட்ட 'மாடர்ன் டைம்ஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஓர் ஆட்டுமந்தை முண்டியடித்து ஓடுகிறது. அடுத்த கணம் தொழிலாளர் கூட்டம் ஆலைக்குப் போகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்தார், அவ்வளவுதான். விளக்கமாக ஒரு வார்த்தை இல்லை. மந்தையில் ஒரே ஒரு கறுப்பு ஆடு இருக்கிறதே, பார்த்தாயா என்று கேட்டால் வகுப்பில் எத்தனை கை உயரும்?

இன்னொன்று. அதற்குள் பேசும் படம் வந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் சாப்ளின் தம் தொழிலாளியைப் பேசவிடவில்லை. அந்த ஆலையில் குரல் யாருக்கு இருக்கிறது? சுவரிலுள்ள திரையில் தோன்றி வேகத்தைக் கூட்டச் சொல்லும் முதலாளிக்கு இருக்கிறது. சோறூட்டும் இயந்திரத்தை விற்க வந்தவர்களின் கிராமபோன் தட்டுக்கு இருக்கிறது. திருகாணி முடுக்கும் சார்லிக்கு இல்லை! கடைசிப் பகுதியில்தான் அவர் வாய் திறந்து பாடுகிறார். அதுவும் எந்தப் பாஷையிலும் சேராத பாட்டு.

இதைக் கண்டுபிடிக்க வகுப்பில் முதல் மார்க் வாங்க வேண்டியதில்லை. ராத்திரி ஷிப்டு முடிந்து வரும் அப்பனைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வாத்தியாருக்கு முன்பே கண்டுகொள்ளலாம். மிஷின் வேகம் கூடினால் கைக்கு என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி வேண்டியதுதான். ஆனால் அவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. 'உன்னதக் கலைப்படைப்பு' என்று வாத்தியார் சொன்னதையே திருப்பி எழுதிப் பரிசு வாங்கிவிடுவார்கள். அப்படிப்பட்டவனிடம் நம்மூர்ப் படம் ஒன்றைப் போட்டுக் கேளுங்கள்: கதாநாயகன் வரப்பில் பாடிக்கொண்டு போகிறானே, பின்னால் குனிந்து நாற்று நடுகிறவர்களில் ஒருத்திக்காவது படத்தில் பேர் உண்டா? அவள் முகத்தில் காமிரா எத்தனை விநாடி நின்றது? எண்ணிச் சொல்! அபிப்பிராயம் பிறகு வரட்டும்.

படம் முடிந்ததும் விமர்சனத் தாளை நீட்டினால் போதாது. மறுநாள் ஒரு பீரியட் ஒதுக்கி அதே காட்சியை நிறுத்தி நிறுத்திக் காட்ட வேண்டும். ஒருமுறை சத்தத்தை அடைத்துவிட்டும் காட்ட வேண்டும். வெளிநாடு போய்வரும் பிள்ளை தன் பள்ளியில் அடுத்த மாதப் படத்தைக் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்று விதியிலேயே சேர்க்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோராகிய நாம் இதைக் கேட்கலாம். அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?