“புள்ள என்ன ஆளுங்க?”

சென்ற ஆண்டு மாட்டுப் பொங்கலன்று, மதுரைக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரில், பங்காளிகள் எல்லாரும் குலசாமி கோயில் வாசலில் கூடியிருந்தோம். அக்காவின் மகள் புதுப் பாவாடை சட்டையோடு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தூரத்து உறவில் பெரியம்மா ஒருவர் அம்மாவின் காதருகே குனிந்தார். ஆனால் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படிதான் கேட்டார்: “தத்தெடுத்தது சரி. புள்ள என்ன ஆளுங்கன்னு விசாரிச்சீங்களா?”

அம்மா பேசாமல் நின்றார். பக்கத்திலிருந்த பெரியப்பா தன் பங்குக்குச் சொன்னார்: “முடியாத புள்ளைய எதுக்குக் கூட்டத்துல கொண்டாந்து வச்சுக்கிட்டு? வீட்டுலயே வச்சுப் பாத்துக்க வேண்டியதுதான?”

இரண்டு கேள்விகளும் என் காதில் விழுந்தன. நான் சாதியைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்பவன். கருத்தரங்குகளில் அகமண முறை பற்றி அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுபவன். அன்று வாயைத் திறக்காமல், வண்டியிலிருந்து கரும்புக் கட்டை இறக்கப் போய்விட்டேன். அந்த மௌனம் ஓராண்டாக உறுத்திக்கொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என் மருமகளுக்கு இப்போது ஏழு வயது. மூன்று வயதில் அக்காவும் அத்தானும் அவளைத் தத்தெடுத்தார்கள். மூளை முடக்குவாதம். நிற்கவும் நடக்கவும் இயலாது, பேச்சும் இல்லை. ஆமாம் என்றால் கண்ணை மேலே உயர்த்துவாள். இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இந்த இரண்டை வைத்துக்கொண்டே வீட்டில் எல்லாரையும் வேலை வாங்கிவிடுவாள்.

காலை ஆறு மணிக்கு வலிப்புக்கான மருந்து. இரவெல்லாம் இறுகிக் கிடந்த கால்களை அத்தான் அரை மணி நேரம் மெல்ல நீட்டி மடக்கி விடுவார். ஒரு வேளை உணவூட்ட முக்கால் மணி நேரம் ஆகும். தண்ணீராக இருந்தால் புரையேறும், கெட்டியாக இருந்தால் விழுங்க முடியாது. குழைவாகக் கொடுக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வட்டார வள மையத்தில் இயன்முறைப் பயிற்சி. அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அக்கா தனியார் பள்ளி ஆசிரியர் வேலையை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சம்பளத்துக்கு இந்தத் தொகை எந்த வகையிலும் ஈடில்லை.

இவளோடு வாழத் தொடங்கிய பிறகுதான் பண்டிகை என்பது யாருக்கானது என்ற கேள்வி எங்களுக்கு வந்தது. தீபாவளி இவளுக்குத் தண்டனை. திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பு முழுக்கத் தூக்கிப் போடும். தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். பட்டாசு வெடிக்க அரசு விதித்த நேரம் காலையில் ஒரு மணி, இரவில் ஒரு மணி. எந்தத் தெருவில் அதை மதிக்கிறார்கள்? முதல் தீபாவளியில் சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு, அவளை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அக்கா விடிய விடிய உட்கார்ந்திருந்தார். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள், பறவைகள் மிரளக் கூடாது என்று பல்லாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவைகளுக்காக ஓர் ஊரால் முடிவது, ஒரு குழந்தைக்காக ஒரு தெருவால் ஏன் முடியவில்லை?

பொங்கல் அப்படியில்லை. சர்க்கரைப் பொங்கல் குழைவானது. முந்திரியை எடுத்துவிட்டால் போதும், வீட்டில் எல்லாரும் உண்பதையே அவளும் உண்பாள். ஆண்டில் அப்படி ஒரு பண்டிகை அதுதான். கரும்பைக் கடிக்க முடியாது, அதனால் சாறு பிழிந்து கூழில் கலந்து கொடுப்போம். பானை பொங்கி வழியும்போது குலவைச் சத்தம் கேட்டுக் கண்ணை மேலே தூக்குவாள். பகுத்தறிவாளர்கள் பொங்கலைக் கொண்டாடச் சொன்னதற்கு நூறு காரணங்கள் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இன்னொரு காரணமும் உண்டு: அதன் சோறு எங்கள் பிள்ளையின் தொண்டையில் இறங்குகிறது.

ஆனால் அந்தப் பொங்கலிலும் குலசாமி கோயில் வாசல் என்று ஒன்று இருக்கிறது. அங்கேதான் அந்த இரண்டு கேள்விகளும் வந்தன. அவை தனித்தனிக் கேள்விகள் அல்ல, ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பதே என் வாதம்.

முதல் கேள்வி ரத்தத்தைப் பற்றியது. சாதியின் சாரமே அகமணம்தான் என்று அம்பேத்கர் 1916இலேயே எழுதினார். அது நம் உறவுச் சொற்களுக்குள்ளேயே ஊறிக் கிடக்கிறது. மாமன், மச்சான், முறைப்பெண் என்று நாம் பாசத்தோடு அழைக்கும் முறைகள், யாரை யார் கட்டலாம் என்ற கணக்குகளும்தான். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவது, சடங்குக்கு மாமன் சீர் கொண்டுபோவது எல்லாமே அந்தக் கணக்கின் வரவு செலவு. ரத்தம் தெரியாத, திருமணச் சந்தைக்குப் போகாத ஒரு பெண் குழந்தை உள்ளே வந்தால் கணக்கு குழம்பிப்போகிறது. பெரியம்மா விசாரித்தது அந்தக் கணக்கைச் சரிசெய்யத்தான்.

இரண்டாம் கேள்வி வினைப்பயனைப் பற்றியது. “முடியாத புள்ளைய” ஏன் மறைக்க வேண்டும்? அது முற்பிறவிப் பாவத்தின் அடையாளம் என்று நம்புவதால். தாழ்த்தப்பட்டவர் ஏன் தாழ்ந்திருக்கிறார் என்ற கேள்விக்கும் பார்ப்பனியம் இதே விடையைத்தான் வைத்திருக்கிறது. ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் அம்பேத்கர் இந்த முற்பிறவிக் கர்மக் கோட்பாட்டை மறுக்கும்போது, ஏழைகள், எளியவர்களின் நிலைக்கான பொறுப்பிலிருந்து அரசும் சமூகமும் தப்பித்துக்கொள்ளவே அது பயன்படுகிறது என்கிறார். சாய்தளம் கட்டாத பள்ளிக்கும் அது பொருந்தும்.

இரண்டு கேள்விகளும் ஒன்றாகச் சேரும் இடம் சட்டம். என் ஆய்வே பழைய வாரிசுரிமைச் சட்டங்கள் பற்றியது. மனுவின் ஒன்பதாம் அத்தியாயம் சொத்தில் பங்கில்லாதவர்களைப் பட்டியலிடுகிறது. சாதியிலிருந்து விலக்கப்பட்டவரும், பிறவியிலேயே பார்வையற்றவரும், செவித்திறன் அற்றவரும், பேச இயலாதவரும் அதில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் 1928இல் ஒரு சட்டம் இந்தத் தடைகளில் பலவற்றை நீக்கியது. ஆனால் பிறவியிலேயே அறிவுசார் குறைபாடும் மனநோயும் உள்ளவர்களை வெளியிலேயே நிறுத்தியது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம்தான் நோயும் ஊனமும் காரணமாக எவருடைய பங்கையும் மறுக்கக் கூடாது என்றது. அதே ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம், தத்துப் பிள்ளை சொந்தச் சாதியில்தான் இருக்க வேண்டும், ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற பழைய விதிகளைக் கைவிட்டது. இரண்டுக்கும் தாய், அம்பேத்கர் கொண்டுவந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா. அது முடக்கப்பட்டதை முக்கியக் காரணமாகச் சொல்லித்தான் 1951இல் அவர் அமைச்சர் பதவியைத் துறந்தார். இன்று இல்லங்களிலிருந்து தத்தெடுப்பது 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, எல்லா மதத்தவருக்கும் பொதுவாக, ‘காரா’ என்னும் மத்திய ஆணையம் வழியாக நடக்கிறது. என் மருமகள் எங்கள் வீட்டுக்கு வந்த பாதை அப்படிப் போராடிப் போட்ட பாதை.

சட்டம் கதவைத் திறந்தது. மனம் திறக்கவில்லை. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளை இந்தியர்களைவிட வெளிநாட்டுப் பெற்றோர்களே அதிகம் தத்தெடுக்கிறார்கள். குறையில்லாத, நிறமான, சிறு குழந்தைதான் வேண்டும் என்று காத்திருக்கும் நம் ஆசைக்குள் சாதி இல்லை என்று யாராலும் சொல்ல முடியுமா?

இந்த ஆண்டு அக்கா குலசாமி கோயிலுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். மதுரையில் தன் வீட்டு வாசலிலேயே அடுப்பு மூட்டினார். வட்டார வள மையத்துக்கு வரும் பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் அழைத்தார். தெருவில் நான்கு சக்கர நாற்காலிகள், வரிசையாக. அம்மா ஊருக்குப் போகாமல் பேத்தியோடு இருந்தார். பெரியம்மா தொலைபேசியில் மறுபடி ஏதோ விசாரித்திருக்க வேண்டும். “எம் பேத்திக்கா, இங்க நல்லா பொங்கிருச்சு” என்று மட்டும் அம்மா சொன்னது என் காதில் விழுந்தது.

அன்று மதியம், வந்திருந்த தாய்மார்களில் ஒருவரிடம் போன ஆண்டு கோயிலில் நடந்ததைச் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். தன் மகனுக்குச் சோற்றை மசித்துக்கொண்டே அவர் சொன்னார்: “உங்க புள்ள நடக்க முடியலன்னு பேசுனாங்க. எங்க தெருப் புள்ளைங்க ஓடியாடித் திரிஞ்சாலும் எங்க ஊருக் கோயில் வாசல்ல நிக்க முடியாது தம்பி.”

எனக்குப் பதில் வரவில்லை. ஓராண்டாக நான் சுமந்த வருத்தம் இடைநிலைச் சாதி வீட்டுப் பிள்ளையின் வருத்தம் என்பது அப்போதுதான் உறைத்தது. என் மருமகளை அந்த வாசலில் நிறுத்தவிடவில்லை என்று வருந்தினேனே தவிர, அது யாருக்கெல்லாம் மூடிய வாசல் என்று ஒருநாளும் பொங்கலன்று நான் கேட்டதில்லை. சாய்தளம் மட்டும் கட்டினால், சாதிக்கு இன்னும் வசதியான ஒரு கோயில்தான் நமக்குக் கிடைக்கும்.

சான்றிதழிலும் இதே சிக்கல்தான். பள்ளிச் சேர்க்கையில் சாதிப் பத்தியை வெறுமையாக விட 1973 முதலே தமிழ்நாட்டில் அரசாணை இருக்கிறது. திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா 2019இல் சாதி, மதமற்றவர் என்றே சான்றிதழ் வாங்கினார். அக்காவும் வெறுமையாக விடவே விரும்புகிறார். ஆனால் வெறுமையாக விட எங்களால் முடிகிறது. இட ஒதுக்கீட்டை நம்பி நிற்கும் அந்தத் தாயால் முடியாது, முடிய வேண்டும் என்று நாம் கேட்கவும் கூடாது. சாதியைத் துறப்பது தாளில் ஒரு பத்தியை விடுவதோடு முடிவதில்லை. அந்தச் சாதி நமக்குத் தந்த வாசலையும் பங்காளிக் கூட்டத்தையும் கைவிடுவதில்தான் அது தொடங்குகிறது.

தோழர்களே, நம்மில் பலர் முகநூலில் பெரியாரைப் பகிர்ந்துவிட்டு, பண்டிகைக்கு ஊருக்குப் போனதும் “சரி, பெரியவங்க” என்று வாய்மூடிக்கொள்கிறோம். அடுத்த முறை உங்கள் வீட்டு விசேஷத்தில் யாராவது “என்ன ஆளுங்க?” என்று கேட்டால் கரும்புக் கட்டை இறக்கப் போய்விடாதீர்கள். அங்கேயே நில்லுங்கள். “எதுக்குக் கேக்குறீங்க?” என்று திருப்பிக் கேளுங்கள். அடுத்த பொங்கலுக்கு முன்பே அந்தப் பெரியம்மா வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். என் மருமகளும் உடன் வருகிறாள். கேட்டேன், கண்ணை மேலே தூக்கினாள்.